சேதராப்பட்டுக் கிணற்று மேடும் ஆறரைக் கோடி வருடக் கல்லும்

போன வாரம் அலமாரியைக் காலி செய்தபோது ஒரு கல் கிடைத்தது. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட கடல் பிராணி ஒன்று அதில் கல்லாகிக் கிடக்கிறது. அம்மோனைட் என்பார்கள். 1983 ஜனவரியில் சேதராப்பட்டில் எடுத்தது. பாறைகளின் வயதைத் தேடிப் புதுச்சேரிப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக அந்தப் பயணத்தை எழுதுகிறேன்.

அப்போது நான் நிலவியல் கடைசி வருட மாணவி. பாறை வயது பற்றிய கள அறிக்கையைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். மில் தொழிலாளியான அப்பா, "மொத கிளாஸு வந்தா மேல படி. வரலன்னா படிச்சது போதும்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நானும் தோழி மும்தாஜும் புதுச்சேரியின் சாரம் பகுதியிலிருந்து ஆளுக்கொரு வாடகை சைக்கிளில் கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வாடகை நாளுக்கு இரண்டு ரூபாய். எதிர்காற்று இலவசம்!

ஊர் ஓரத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஆளுயரக் கல்மேடு. அதன் அடியில் செம்மணற்கல், உச்சியில் அம்மோனைட் பதிந்த சுண்ணாம்புக்கல். படிந்த பாறையில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. இது எங்களுக்கு அரிச்சுவடி. அம்மோனைட்டோ டைனோசர்களோடு பூண்டற்றுப் போன பிராணி. அது இருக்கும் பாறைக்கு ஆறரைக் கோடி வருடமாவது ஆகியிருக்க வேண்டும். மணற்கல் அதைவிட மிக இளையது என்றது புத்தகம். இங்கே மணற்கல் கீழே கிடக்கிறதே!

"புத்தகமே தப்புடி!" என்று மும்தாஜ் குதித்தாள். நான் அதற்குள் மனதில் தங்கப் பதக்கமே வாங்கிவிட்டேன். மேட்டை அடுக்கடுக்காக வரைந்து அளந்தோம்.

கூடை சுமந்து மேட்டில் கொட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். "என்னாக்கா எழுதறீங்க?" என்று கேட்டாள். சொன்னோம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மேல இருக்கறத மொதல்ல தோண்டுவாங்க, அது மேட்டுக்கு அடியில போயிடும். கடைசியா வந்ததுதான் உச்சியில கெடக்கும். மேடு தலகீழுக்கா!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. கிணற்றுச் சுவரைப் பார்க்கலாமென்றால் ஒரே சேறு. மேஸ்திரி இறங்க விடவில்லை. ஆழம் தெரியாமல் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லாமல் மேற்படிப்பு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழுவாதக்கா, எழுதிக்க. செம்மணலு மூணு ஆள் ஒசரம். அப்பறம் களிமண்ணு ஒரு ஆளு. அதுக்குக் கீழதான் இந்தச் சுருட்டக்கல்லு. எல்லாக் கூடையும் என் தலமேல வந்ததுதானே, எனக்குத் தெரியாதா?"

அறிக்கையில் "ஆழம்: நேரில் அளந்தது" என்று எழுதினேன். கூலிக்கு வந்த பெண் சொன்னாள் என்றால் மதிப்பெண் குறையுமோ என்று பயம். முதல் வகுப்பு வந்தது. மேலே படித்தேன். அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றும் இனிக்கிறது. அந்த ஒரு வரி மட்டும் உறுத்துகிறது.

போகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் விடியற்காலையில் கிளம்புங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். குடிநீர், கல்லைச் சுற்றப் பழைய பேப்பர், பென்சில் வேண்டும். கல்லை எடுத்த இடத்தையும் ஆழத்தையும் அங்கேயே குறியுங்கள். எங்கிருந்து வந்தது என்பதை மறைத்த கல்லை வைத்து எந்தப் பாறைக்கும் வயது சொல்ல முடியாது.

என் கல்லில் ஒட்டியிருந்த சீட்டில் ஊர், தேதி, ஆழம், என் பெயர் எல்லாம் இருந்தன. நேற்று அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டினேன். ஆழம்: நான்கு ஆள் உயரத்துக்குக் கீழே. சொன்னவர்: கன்னியம்மா.