பூக்கோபுரம்

தென்கொரியாவின் பூசான் நகரில் கண்காட்சிகள் நடத்தும் எங்கள் நிறுவனத்தில், ஒவ்வொரு விழாவும் எவ்வளவு குப்பை போட்டது என்று அறிக்கை எழுதுபவள் மோ ஸோ-ரின். காகிதக் கோப்பையைக்கூட விடமாட்டாள். பிளாஸ்டிக் பாட்டிலோடு அவள் எதிரே போகவே எங்களுக்குப் பயம்.

திறப்பு விழாவுக்கு ஆளுயரத்துக்கு மேல் பூக்கோபுரங்கள் அனுப்பி வாழ்த்துவது எங்கள் ஊர் மரியாதை. பாதிக்கு மேல் பிளாஸ்டிக் பூ. விழா முடிந்ததும் குப்பை லாரியில் ஏறிவிடும்.

"அதெல்லாம் விருந்தாளிங்க அனுப்புனது. நம்ம குப்பை இல்ல, விட்டுடும்மா," என்றார் மேலாளர் குக்.

"நம்ம வாசல்லதானே சார் குவியுது?"

"எழுதிட்டு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

பூக்கோபுரங்களை அறிக்கையில் சேர்க்காமல் விட்டுவிட்டாள். நாங்களும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். அதற்குப் பிறகு மதியச் சோறு அவளுக்கு இறங்கவில்லை. கிம்ச்சிக் குழம்பைச் சும்மா கிளறிக்கொண்டிருப்பாள்.

அந்த அறிக்கைக்குத்தான் பசுமை விருது கிடைத்தது. மறுநாள் காலை அலுவலக வாசலை அடைத்துக்கொண்டு பூக்கோபுரங்கள் நின்றன. ஒவ்வொரு ரிப்பனிலும் அவள் பெயர்.

"இது யாரோட குப்பை சார்?" என்றாள்.

குக் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னம்மா கேள்வி? உன் பேர்தானே போட்டிருக்கு!"