மஞ்சள் சரியாக வருகிறதா

திருப்பதியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், பழைய கேமராக்கள் விற்கும் கடையொன்றில், என் ஓரகத்தி ஒரு கேமராவைக் கையில் வாங்கி, லென்ஸைக் கழற்றச் சொல்லி, அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அது மல்லெப்பூ காதம்மா, கேமரா” என்றார், மோந்து பார்க்க மல்லிகைப்பூ இல்லை என்பதைப் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக. இவள் அசரவில்லை. “பூஞ்சை புடிச்சிகினா நாத்தம் வரும்பா. மல்லாட்ட மூட்டையே மோந்து பாத்துட்டுத்தான் வாங்குவோம், இத்த மோந்து பாக்க மாட்டமா?” என்றாள். வேர்க்கடலை மூட்டையையும் கேமராவையும் ஒரே தராசில் வைக்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஈரத்தில் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதையும், பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான் என்பதையும் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அங்கே நின்றிருந்த எங்கள் இரண்டு பேரில் பி.எஸ்ஸி. படித்தவள் நான்.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். நாங்கள் இருப்பது சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில், புத்தலப்பட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு தமிழ்க்குடியிருப்பு. எங்கள் வீட்டு ஆட்களுக்கு ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் வெட்டிப் பிழைத்தவர்கள். இப்போது கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. ஓரகத்தியின் கணவருக்குத் தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். ஒரு தீபாவளி போனஸில் எல்லாரும் டிவி வாங்கியபோது அவர் புத்தம்புதிதாக ஒரு கேமரா வாங்கி வந்து பெண்டாட்டி கையில் கொடுத்தார். ஊரே சிரித்தது. அவள் சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டுக்கொட்டகையிலிருந்து ஆரம்பித்தாள்.

அவளிடம் வேலை வந்ததற்குக் காரணம் எளிது. வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்குச் சடங்கு சுற்றும்போதும் கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போதும் அறைக்குள் ஆண் போட்டோகிராபர் நின்றால் எங்கள் பெண்களுக்குச் சங்கடம். இவள் போனால் யாரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைத்து உட்கார மாட்டார்கள். எழுத்துக்கூட்டித் தெலுங்கு படிப்பாளே தவிர இங்கிலீஷ் சுத்தமாக வராது. அதனால் கேமராவின் மெனுவைப் படித்துச் சொல்வது என் வேலை. லைட் பிடிப்பது, பேட்டரி மாற்றுவது, வீடியோக்களைப் பார்த்து அவளுக்குப் பாடம் நடத்துவது எல்லாம் நான். படம் மட்டும் அவள். அந்தப் பிரிவினையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நானும் என் கணவரும் சித்தூரில் ஒரே காலேஜில் படித்தவர்கள். எங்கள் கல்யாணத்தை என் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் இரண்டு சிநேகிதர்கள் கையெழுத்துப் போட, ஆளுக்கொரு மாலை மாற்றிக்கொண்டு, அதே மாலையோடு பஸ் ஏறி இந்த வீட்டுக்கு வந்துசேர்ந்தேன். நலங்கு இல்லை, பந்தல் இல்லை, அம்மா இல்லை. யாராவது கேட்டால், “அதெல்லாம் வீண் செலவு, எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது” என்று பட்டென்று சொல்லிவிடுவேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. ஓரகத்தி மட்டும் அப்போது என் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பாள்.

அந்தப் புதுக் கேமராவோடு ஒரு சடங்கு வீட்டுக்குப் போனோம். மஞ்சள் தடவிய பிள்ளை, மஞ்சள் புடவை, சுவரும் மஞ்சள் சுண்ணாம்பு, மேலே மஞ்சள் பல்பு. “நெறம் எதுல வெக்கிறதுமே?” என்று கேட்டாள். “ஆட்டோவில் விடுக்கா, அதுவே பார்த்துக்கொள்ளும்” என்றேன். அது பார்த்துக்கொண்டது. இத்தனை மஞ்சள் ஒரே இடத்தில் இருக்க நியாயமில்லை என்று தானாக முடிவுகட்டி, மஞ்சளையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டது. சின்னத் திரையில் எங்களுக்குத் தெரியவில்லை. ஆல்பம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் வெடித்தது. பிள்ளையின் முகம் முழுக்கச் சாம்பல் நிறம். அத்தைக்காரி ஆல்பத்தைத் தரையில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். “மஞ்சா பூசி குந்த வெச்ச பொண்ண சாம்பல் பூசி குந்த வெச்சிக்கிறீங்களே, நாங்க உங்களுக்கு இன்னாம்மா கெடுதல் பண்ணோம்?” எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில்தான் சாம்பல் என்ற பேச்சு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஆல்பத்தை அவர்கள் வீட்டுக்குள் எடுத்துப் போகவே இல்லை.

ஓரகத்தி கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், “இந்தக் கேமரா நமக்கு ஆவாதுமே” என்றாள். பத்து நாளில் அதே ஊரில், அதே தெருவில் இன்னொரு வீட்டில் கல்யாண நலங்கு. ஏற்கெனவே வாக்குக் கொடுத்தது. அதிலும் மஞ்சள் சாம்பலானால் இனி எந்தப் பெண் எங்களை அறைக்குள் விடுவாள்? இன்னொரு பக்கம், இருப்பதோ கணவர் ஆசையாக வாங்கித்தந்த கேமரா. அதைக் கொடுத்துவிட்டு யாரோ உபயோகித்த பழையதை வாங்கி, அதுவும் சரியில்லை என்றால் இரண்டும் போயிற்று; அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

நான் ஒரேயடியாக எதிர்த்தேன். அவள் கேள்விப்பட்டு வைத்திருந்தது பத்து வருஷத்துக்கு முந்தைய மாடல். ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்காரர்கள் தூக்கித் திரிந்தது. “நம்முடையது இருபத்துநாலு மெகாபிக்ஸல், அது பன்னிரண்டு. நம்முடையது வீடியோ எடுக்கும், அது எடுக்காது. புதுசைக் கொடுத்துவிட்டுப் பழசை வாங்குவதற்குப் பெயர் அப்கிரேடா?” என்று கேட்டேன். பழைய வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதுபோல், பழைய கேமராவில் ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதையும் ஏமாற்றிச் சொல்வார்கள் என்று எச்சரித்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை திருப்பதி பஸ்ஸில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தாள்.

மோந்து பார்த்த கதை நடந்தது அன்றைக்குத்தான். மோந்ததும் திருப்தியாகி, கேமராவைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தாள். செங்கல் கனம். மேலே ஒரு பக்கம் மூன்று பொத்தான், பின்னால் ஒரு சக்கரம். நிறத்துக்கு ஒரு பொத்தான், வெளிச்சத்துக்கு ஒன்று. அமுக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருகினால் குட்டிக் குட்டிப் படமாக வந்தது: சூரியன், மேகம், பல்பு. “பாத்தியாமே, இதுல எல்லாம் வெளியவே கீது. அதுல எல்லாம் உள்ள பூந்துகினு கீது. நீ படிச்சிச் சொன்னாத்தான் எனக்கு” என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அதுவரை நான் மெகாபிக்ஸலை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் தன் விரலுக்கு எட்டுகிறதா என்று பார்த்திருக்கிறாள். பிறகு என்னைப் பார்த்து, “மெமரி கார்டு பக்கத்துக் கடையில சல்லிசா கீதாம், போய் விசாரிச்சிகினு வா” என்று அனுப்பினாள். நான் திரும்பியபோது பழைய கேமரா எங்கள் பையில் இருந்தது. “ஒரு நாளைக்குக் குடுத்துக்கிறாரு, டெஸ்டு பண்ணிப் பாக்க. நம்மளுத இங்க வெச்சிட்டுப் போறோம்” என்றாள். ஒருநாள் கொடுக்கிற அளவுக்கு நல்ல மனுஷரா என்று கடைக்காரரைப் பார்த்தேன். அவர் வேறொருவரிடம் தெலுங்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வெயில் ஏறும் முன்பே பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் எங்கள் வாசலில் நின்றார்கள். ஓரகத்தி பச்சை மஞ்சளை அம்மியில் அரைத்து வைத்திருந்தாள். “இன்னாக்கா இது?” என்றேன். “மஞ்சா சரியா வருதான்னு பாக்கணும் இல்ல? சொம்மா சொவுத்த எடுத்தா தெரியுமா? குந்து” என்று மணையைக் காட்டினாள். தர்க்கம் சரியாக இருந்ததால் உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டி ஒன்றை என் முகத்துக்கு முன்னால் பிடித்து, அது வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தை அளவு வைக்கச் சொன்னது நான்; அந்த ஒரு பாடமாவது உருப்படியாகக் கற்றிருந்தேன். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து என் கன்னத்திலும் கையிலும் பாதத்திலும் மஞ்சள் தடவினார்கள். நான் வாய் ஓயாமல், “ஐ.எஸ்.ஓ. நானூறு வையக்கா, இன்னும் கிட்டே வா” என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். “பேசாத குந்துமே, வாய்க்குள்ள மஞ்சா பூடும்” என்றாள்.

டெஸ்ட் அதோடு முடியவில்லை. பச்சை எப்படி வருகிறது பார்க்க வேண்டும் என்று இரண்டு கைக்கும் பச்சை வளையல் அடுக்கினார்கள். வெள்ளைக்கு மல்லிகைச் சரம் தலையில் ஏறியது. சந்தன நிறத்துக்குச் சந்தனம். ஒருத்தி நலங்குப் பாட்டு எடுத்தாள்; அதற்குக் காரணம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோப்பிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஆம்பளைத் தோல் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். அவர் உழைத்த கையோடு, வெட்கத்தோடு, என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் ஆரத்தித் தட்டு வந்தபோதுதான் நான் முழித்துக்கொண்டு, “கேமரா டெஸ்டுக்கு ஆரத்தி எதுக்குக்கா?” என்றேன். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: “செவப்பு பாக்க வாணாமா?” பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்திருக்கிறாள்.

அடுத்த நாள், பேசி முடித்துவிட்டு வருகிறேன் என்று தனியாகத் திருப்பதி போனாள். சாயங்காலம் திரும்பியவள் கையில் ஒரு சின்ன ஆல்பம். “பிரிண்டு போட்டாத்தான் நெறம் தெரியும்னு போட்டேன். நீயே வெச்சிக்க” என்று என் மடியில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது. என் கறுப்பும் கறுப்பாகவே இருந்தது. மற்ற ஸ்டூடியோக்களில் செய்வதுபோல் வெளுக்க வைக்கவில்லை. பத்தாம் நாள் கல்யாண நலங்குக்குப் போனோம். அந்தப் படங்களைப் பார்க்க, சாம்பல் என்று அழுத அத்தைக்காரியும் வந்தாள், பார்த்தாள், அடுத்த மாதம் தன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு எங்களைத்தான் சொன்னாள். தன் கேமராவைக் காணாமல் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஓரகத்தியின் கணவரும், படங்களைப் பார்த்தபின் சமாதானமாகிவிட்டார்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. பிள்ளைகள் படிப்புக்காக ஓரகத்தி குடும்பம் தடாவுக்குக் குடிபோய் இரண்டு வருஷமாகிறது. அங்கேயும் படம் எடுக்கிறாள். பழைய கேமராவை என்னிடம் விட்டுப் போனாள். இப்போது படமும் நான்தான் எடுக்கிறேன். அதன் ரப்பர் உரிந்துவிட்டது, பேட்டரி அரை நாள்கூடத் தாங்குவதில்லை. போன வாரம் அதைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு முடி நரைத்திருந்தது. அதைவிடச் சில வருஷம் பிந்திய, ஆனாலும் பழைய மாடல் ஒன்றைக் காட்டினார். எனக்கு அதே குழப்பம், மாற்றலாமா வேண்டாமா என்று. “அன்றைக்கு எங்களுக்கு ஒரு நாள் டெஸ்டுக்குக் கொடுத்தீர்களே, அதுமாதிரி இதையும் கொடுங்கள்” என்றேன்.

“டெஸ்டா? நான் யாருக்கும் டெஸ்டுக்கு இச்சிந்தே லேதும்மா, குடுத்ததே இல்ல” என்றார். “உங்க அக்கா நல்லா ஞாபகம் இருக்கு, மோந்து பாத்தாங்களே. நீங்க மெமரி கார்டு கேக்கப் போனீங்க. அப்பவே பேரம் முடிஞ்சுபோச்சு. புதுசக் குடுத்துட்டு இதை எடுத்துக்கினாங்க. அப்புறம் இந்தப் பக்கமே வரலையே.”

கடைக்கு வெளியே வந்து தடாவுக்குப் போன் போட்டேன். அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. “அக்கா, அன்றைக்கே வாங்கிவிட்டாயாமே. அப்புறம் எதற்கு அந்த டெஸ்ட்?” என்றேன்.

“நலங்கு வெக்கிறேன், வாமேன்னு கூப்ட்டிருந்தா நீ வந்து குந்தியிருப்பியா?” என்றாள். “படிச்சவ. பத்து நியாயம் பேசியிருப்ப.”

“உட்கார்ந்திருக்க மாட்டேன்க்கா” என்றேன். சந்தில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள், “துன்னியா இல்லியா? மொதல்ல எதுனா துன்னுட்டு பஸ் ஏறு” என்று சொல்லிப் போனை வைத்தாள். உள்ளே போய், மாற்ற வேண்டாம், புது பேட்டரி ஒன்று மட்டும் கொடுங்கள் என்றேன்.