ஐந்து படி மேலே

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்குத் தெரியும், பிறகு காலுக்கு. மூளைக்குக் கடைசியில்தான் செய்தி போகும். ஒன்பது வயதில், ஓர் ஈஸ்டர் காலையில், புந்தோங்கில் எங்கள் கோயிலில் மூன்றுக்கும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது.

அப்பா அங்கே ஆர்கன் வாசிப்பவர். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கேட்டுக் கேட்டே கற்றவர் என்பதால், எல்லாப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசிப்பார். பாடுகிறவர்களின் குரலுக்கு ஏற்பச் சுருதியை ஏற்றி இறக்க அந்த மின்சார ஆர்கனில் ஒரு பட்டன் உண்டு. பூசைக்கு முன்பு அவர் பாதரிடம் பேசப் போன நேரத்தில் அதை ஏற்றும் பக்கமாக ஐந்து முறை அமுக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். பட்டன் இருந்தது, விரலும் இருந்தது.

பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பூசையின் முதல் பாட்டு, அப்பாவே எழுதி மெட்டமைத்தது. அவருடைய முதல் பாட்டு. ஒரு மாதமாக அதற்குத்தான் ஒத்திகை.

எழுந்து ஓடிப்போய்ச் சொல்லலாம். கால் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் பெல்ட்டை நினைத்தேன். அன்று ஆண்டவருக்கு நான் கொடுத்த வாக்குறுதிகளைக் காப்பாற்றியிருந்தால் இந்நேரம் பிஷப் ஆகியிருப்பேன்.

பாட்டு தொடங்கியது. இரண்டாவது வரியில் ஆண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பல்லவி திரும்பியபோது அத்தை மட்டும் கொதிக்கும் கெட்டில் மாதிரி தனியாகக் கூவிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் சிலருடைய தோள்கள் சிரிப்பில் குலுங்கின. எனக்குத் தெரிந்தது அப்பாவின் காது மட்டுமே. அது சிவந்திருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை, கடைசி வரி வரை வாசித்தார்.

அடுத்த பாட்டு எப்போதும்போல் ஒழுங்காக வந்தது.

பூசை முடிந்ததும் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னாண்ணே இது, பாட்டா பத்துமலைப் படியா? இன்னும் மூச்சு வாங்குது."

"என் தப்புலா. ரொம்ப மேல எழுதிட்டேன்."

"அடுத்தத தரையில எழுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "வா, போலாம்" என்றார். கைது செய்துவிட்டார் என்றே நினைத்தேன். அவரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார், அவ்வளவுதான். அந்தப் பாட்டைக் கோயிலில் அதன் பிறகு யாரும் பாடவில்லை.

அவருடைய முதுகைக் கட்டிக்கொண்டு, தப்பித்தேன், அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்று மூச்சு விட்டேன். இரண்டாவது பாட்டுக்குள் ஆண்டவரே இறங்கி வந்து பட்டனைச் சரிசெய்துவிட்டார் என்று வீடு வரைக்கும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே போனேன். அந்த நேரம் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று யோசிக்க அந்த வயதில் தோன்றவில்லை.