பிஷ்கெக் கடற்கரையில் மலிவு விடுதிகள்

புகார் எழுதுவதற்கு முன்னால் ஒரோசாலி தம் மனைவியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். கறுப்புச் சங்கிலி கோத்த கண்ணாடி. பனியனுக்கு மேல் ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, முதுகை நிமிர்த்தி, இரண்டு தடவை கனைத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் ஒரோசாலி அல்லர். முப்பத்தெட்டு ஆண்டு புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற கிளாரா ஷாகிரோவ்னா. அம்மையாருக்கு இன்று கடும் கோபம். எவனோ ஒரு கயவன் இணையத்தில் பொய்யும் புரட்டுமாக ஒரு தளத்தை ஏற்றி வைத்திருக்கிறான். அந்தக் கயவன் ஒரோசாலிதான்.

"ஏங்க, அந்தம்மாவைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க. எனக்கு ஊசி கோக்கணும்" என்று பின்னாலிருந்து குரல் வரும். அது அவர் மனைவி புருல்சா அக்கா. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறார். கிளாரா கோபமாக இருக்கும் நேரமெல்லாம் அக்காவுக்குக் கண் தெரியாது.

பிஷ்கெக் நகரத்தின் எட்டாவது குடியிருப்பில் எனக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள். ஒரோசாலிக்கு ஐம்பத்து மூன்று வயது. நகரத்து வெப்ப நிலையங்களில் கொதிகலன் ஆய்வாளராக இருந்தவர். அவருடைய அலுவலகத்தை ஒரு நாள் கலைத்தபோது மற்றவர்கள் நாற்காலி, மேசை, சன்னல் கண்ணாடி என்று அவரவர்க்கு முடிந்ததை எடுத்துப்போனார்கள். ஒரோசாலி மட்டும் அச்சடித்த ஆய்வுப் படிவங்களை மூன்று கட்டு தூக்கி வந்தார். எதற்கென்று அப்போது அவருக்கே தெரியாது.

இப்போது அவர் இணையதளங்கள் செய்கிறார். பூனை ஈற்றைப் போல வாரத்துக்கு ஐந்தாறு. முயல் வளர்ப்பு, இடுப்பு வலி, பிளாஸ்டிக் சன்னல், ஒரே வாரத்தில் உடல் இளைப்பது எப்படி. எதையாவது தேடுகிற அப்பாவி ஒருவர் தடுக்கி வந்து விழுவார். விழுந்தவரைத் தளம் அப்படியே வேறொரு கடைக்குள் தள்ளிவிடும். கடைக்காரன் தலைக்கு இவ்வளவு என்று ஒரோசாலிக்குக் கொடுப்பான். தளத்தில் உள்ள எழுத்தை அவர் எழுதுவதில்லை. நாலு கட்டுரையை ஒரு நிரலுக்குள் போட்டால் அது கறி கொத்துகிற மாதிரி கொத்தி ஐந்தாவதாக ஒன்றைத் துப்பும். முயலுக்கு இடுப்பு வலி வந்தால் எந்தச் சன்னல் நல்லது என்று அதில் இருக்கும். படிப்பதற்காக யாரும் வருவதில்லை என்பதால் இதுவரை எந்த முயலுக்கும் கெடுதல் வந்ததில்லை.

இப்படிப்பட்ட தளத்துக்கு ஆயுள் மூன்று வாரம். அதற்குள் தேடுபொறி மோப்பம் பிடித்துவிடும். இல்லாவிட்டால் இடம் கொடுத்தவன் பார்த்து அழித்துவிடுவான். "இதுக்குப் போய் காசு கொடுத்து எடம் வாங்கச் சொல்றான் தம்பி, ஒரு படிச்ச முட்டாள்" என்பார். "ஈசலுக்கு எவனாவது மாடி வீடு கட்டுவானா?" ஆகவே இலவச ஹோஸ்டிங், அதாவது தளம் வைக்க ஓசி இடம். உலகத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் சும்மா கொடுக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் மனிதனின் தரம் தெரிகிறது என்பது அவர் கொள்கை.

அந்த மூன்று கட்டுப் படிவம் கைகொடுத்தது இங்கேதான். ஒவ்வோர் இலவச இடத்துக்கும் ஒரு கொதிகலன் ஆய்வுப் படிவம் நிரப்புகிறார். "அழுத்தம்" என்ற கட்டத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வந்தால் தளம் படுத்துவிடும் என்று எழுதுவார். "கசிவு" என்றால் இடம் கொடுத்தவன் தன் விளம்பரத்தை நம் பக்கத்தில் ஒட்டி ஆட்களை இழுத்துக்கொள்கிறானா என்பது. "துரு" என்ற கட்டத்துக்கு விதிமுறைப் பக்கத்தின் அடிப்பகுதியைப் பார்ப்பார். "இங்க பாரு தம்பி, கீழ ரெண்டாயிரத்து ஆறுன்னு போட்டிருக்கு. அஞ்சு வருசமா ஒருத்தனும் எட்டிப் பாக்கல. தங்கமான எடம்!" துரு ஏற ஏற அவர் முகம் மலரும். கொதிகலன் பார்த்த காலத்தில் இதே துருவுக்காக ஆட்களைச் சீட்டுக் கிழித்து அனுப்பியவர்.

படிவத்தின் கடைசிக் கேள்வி: "பொறுப்பாளர் நிதானத்தில் உள்ளாரா?" அச்சடித்தவர்கள் கொதிகலன்காரரின் குடியைக் கேட்டார்கள். ஒரோசாலி இடத்தை நடத்தும் அட்மினைக் கேட்கிறார். தூங்குமூஞ்சி அட்மின் கிடைத்தால் யோகம். விழித்திருப்பவன் கிடைத்தால் சனி. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகப் பிறந்தவர்தான் கிளாரா ஷாகிரோவ்னா. புதிய இடத்தில் முதலில் ஒரே ஒரு தளத்தை ஏற்றுவார். மறுநாள் கிளாரா அதைப் பற்றிக் கொந்தளித்துப் புகார் அனுப்புவார். ஒரு மணி நேரத்தில் தளம் அழிந்தால் "நிதானத்தில் உள்ளார்" என்று குறித்து, அந்த இடத்தைத் தலைமுழுகிவிடுவார். பதினோரு நாள் பதிலே இல்லையென்றால் அன்று வீட்டில் ஆட்டு வால் கொழுப்புப் போட்ட சோறு.

இரண்டாயிரத்து ஒன்பது இலையுதிர் காலத்தில் ஏரிப் பக்கத்துக் கரகோல் ஊரில் அப்படி ஓர் இடம் அகப்பட்டது. இஸ்கார் என்கிற துங்கன் இனத்தவர் ஒருவர் தம் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இயந்திரத்தை வைத்து நடத்துகிறார். விளம்பரம் இல்லை, தொலைபேசி எண் கேட்பதில்லை, துரு ஏராளம். ஒரோசாலி சோதனைக்கு ஒரு தளத்தை ஏற்றினார். கொத்துகிற நிரல் அன்று துருக்கிச் சுற்றுலாக் கட்டுரையையும் பிஷ்கெக் வாடகை வீடுகளையும் சேர்த்துக் கொத்தி, "பிஷ்கெக் கடற்கரையில் மலிவு விடுதிகள்" என்று துப்பியிருந்தது. கிளாராவின் புகார் சுருக்கமாக இருந்தது: "ஐயா, பிஷ்கெக்கில் கடல் இல்லை. முப்பத்தெட்டு ஆண்டு இதைத்தான் கற்பித்தேன். உடனே அழிக்கவும்."

நாலாம் நாள் பதில் வந்தது. "மதிப்புக்குரிய கிளாரா ஷாகிரோவ்னா, தங்கள் கடிதம் கண்டு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். தாங்கள் சொல்வது சரி. கடல் இல்லை. ஆனால் எழுதியவருக்குக் கடல் வேண்டும் என்று ஆசை இருந்திருக்கலாம். ஆசையை அழிக்க எனக்குக் கை வரவில்லை. பொறுத்தருள்க. இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. அங்கே எப்படி?"

ஒரோசாலி அந்தக் கடிதத்தைக் கொண்டு மாடியேறி வந்து என்னிடம் நீட்டினார். "நிதானமே இல்ல தம்பி! சுத்தமா இல்ல! இப்படி ஒருத்தனை என் சர்வீசுல பாத்ததே இல்ல" என்றார். ஒரே குளிர்காலத்தில் தம் தளங்கள் அத்தனையையும் அங்கே குடியேற்றினார். மூன்று வாரத்து ஈசல்கள் மாதக்கணக்கில் பறந்தன. கடற்கரை விடுதிக்கு ஒன்றரை வயதாகிவிட்டது. வீட்டு மாவு, கறி, நிலக்கரி எல்லாம் இப்போது அந்த மாட்டுக்கொட்டகையிலிருந்துதான்.

ஆனால் ஆய்வு என்பது ஒரு தடவையோடு முடிகிற காரியமா? கொதிகலனை மாதா மாதம் பார்க்க வேண்டாமா? கிளாரா மாதம் ஒரு புகார் எழுதினார். இஸ்கார் மாதம் ஒரு பதில் எழுதினார். இவர் முயலைப் பற்றிக் குமுறுவார். அவர் தம் பசு ஈன்றதைச் சொல்வார். இவர் அழிக்கவும் என்பார். அவர் மன்னிக்கவும் என்பார், பிறகு, கடல் இல்லாவிட்டால் என்ன, எங்கள் ஏரியை ஒரு முறை வந்து பாருங்கள் என்பார். போன மார்ச்சில் சிற்றுந்து ஓட்டுநர் கையில் ஒரு ஜாடித் தேன் வந்தது. மேற்குப் பேருந்து நிலையத்துக்குப் போய், "நான் அந்தம்மாவோட அக்கா மகன்" என்று சொல்லி வாங்கி வந்தார் ஒரோசாலி.

ஜாடியில் ஒட்டியிருந்த பெயரைப் புருல்சா அக்கா படித்தார். கண்ணாடி அன்று அவரிடம் இருந்தது.

"யாருங்க அந்தக் கிளாரா?"

"நான்தான்."

"நீங்களா?"

"வேலை விசயமா."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். தேனைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "நல்ல மனுசன்தான்" என்று சொல்லிவிட்டுத் தையல் இயந்திரத்துக்குப் போய்விட்டார்.

இந்த மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, காலைத் தேநீர் நேரத்தில், கீழிருந்து தண்ணீர்க் குழாயைக் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. எங்களுக்குள் அதற்கு உடனே வா என்று பொருள். போனேன். ஒரோசாலி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரையில் இஸ்காரின் கடிதம்.

"நாளை மறுநாள் பள்ளிகளில் ஆண்டு முடிவின் கடைசி மணி. எல்லா ஆசிரியர்களுக்கும் மலர் கொடுப்பார்கள். நான் அனுப்பினால் ஆறு மணி நேரப் பயணத்தில் வாடிவிடும். ஆகவே வேறு பரிசு. ஒன்றரை ஆண்டாகத் தாங்கள் கேட்டதை நான் மறுத்து வந்தேன். அது பெரிய பிழை என்று இப்போது உணர்கிறேன். அன்று காலை பத்து மணிக்கு என் இயந்திரத்தில் உள்ள இருநூற்றுப் பதினான்கு தளங்களையும் அழித்துவிடுகிறேன். இனி பிஷ்கெக்கில் கடல் இருக்காது."

"அண்ணே, எல்லாத்தையும் வேற எடத்துக்கு மாத்திடலாமே" என்றேன்.

"மாத்தினா முகவரி மாறிடும். தேடுற மிசினுக்கு அது யாருன்னே தெரியாது. மறுபடி கைக்குழந்தைலருந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் மூணு மாசம் என்னத்தத் தின்கிறது? திரைச்சீலையையா?"

"அப்ப கிளாராவைக் கொன்னுடுங்க. திடீர்னு மாரடைப்பு."

"செத்தா வருவான் தம்பி. கறுப்புத் தொப்பியோட வந்து நிப்பான். நாப்பதாம் நாள் சோத்துக்கும் வருவான். எந்தக் குழியைக் காட்டுறது? அதோட, போனவ ஞாபகமா அத்தனையையும் அழிச்சிட்டுத்தான் வண்டி ஏறுவான்."

"அந்தம்மாவைக் கொல்ற பேச்செல்லாம் இந்த வீட்டுல வேணாம். தேன் இன்னும் பாதி இருக்கு" என்றார் புருல்சா அக்கா, தையலிலிருந்து தலை தூக்காமல்.

ஒரோசாலி சட்டையைப் போட்டார். பொத்தானைப் பூட்டினார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு எழுதினார்: "ஐயா, யோசித்துப் பார்த்ததில் அந்தத் தளங்களிலும் சில பயனுள்ள செய்திகள் உள்ளன." படித்தார். முகம் சுருங்கியது. எழுத்தெழுத்தாக அழித்தார்.

"ஏண்ணே, நல்லாத்தானே இருந்துச்சு?"

"கிளாரா இப்படி எழுத மாட்டா."

"எழுதுறது நீங்கதானே?"

"நான் எழுதுவேன். அவ எழுத மாட்டா. முப்பத்தெட்டு வருசம் வாத்தியார் வேலை பாத்தவ தம்பி. ஒரு பரிசுக்கு ஆசைப்பட்டுக் கடல் இருக்குன்னு சொல்லிடுவாளா?"

இருநூற்றுப் பதினான்கு பொய்களை நடத்தும் மனிதர் அந்த ஒரே ஒரு வாக்கியத்தில் வழுக்கி நின்றதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். மேலும் நாலு கடிதம் எழுதினார், நாலையும் அழித்தார். ஒன்றில் கிளாராவுக்கு ஞாபகமறதி வந்தது. அதை எழுதி முடித்து அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேநீர் ஆறி, மேலே பால் ஆடை கட்டியது.

"தள்ளுங்க" என்றார் புருல்சா அக்கா. எழுந்து வந்து அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தம் மூக்கில் போட்டுக்கொண்டு, இஸ்காரின் கடிதத்தை முதலிலிருந்து படித்தார். "இந்த மனுசன் மாட்டுக்கொட்டாயில ஒண்டியா உக்காந்துகிட்டு ஒன்றரை வருசமா எதுக்கு உங்களுக்கு எழுதுறாரு? முயலுக்காகவா?" என்றார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"இஸ்கார், எல்லாவற்றையும் அழித்துவிட்டால் மாதா மாதம் உங்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுவது?"

அவ்வளவுதான். கீழே பெயர் போட்டார். ஒரோசாலி வாய் திறப்பதற்குள் அனுப்பியும் விட்டார்.

இரண்டு நாளும் பதில் வரவில்லை. இருபத்தைந்தாம் தேதி காலை ஒன்பதரைக்கே நான் கீழே போய்விட்டேன். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் வெள்ளை ரிப்பன் கட்டிய பிள்ளைகள் இரைச்சல் போட்டார்கள். ஒரோசாலி கடற்கரை விடுதியைத் திறந்து வைத்து, நிமிடத்துக்கு ஒரு தடவை பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். பத்து மணிக்குக் கடைசி மணி அடித்தது. புதுப்பித்தார். கடல் வந்தது. மீண்டும் புதுப்பித்தார். மெதுவாக வந்தது, ஆனால் வந்தது. பத்தே காலுக்குக் கடிதமும் வந்தது.

"அழிக்கவில்லை. இந்தக் கேள்வியை நான் யோசிக்காமல் போனதற்கு வெட்கப்படுகிறேன். ஜூன் மாதப் புகாருக்குக் காத்திருக்கிறேன். ஒரே ஒரு குறை உண்டு, சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கடைசி மூன்று கடிதங்களிலும் கடலைப் பற்றித் தாங்கள் சொன்னதையே சொல்லியிருக்கிறீர்கள்."

ஒரோசாலி அதை இரண்டு முறை படித்தார். ஆய்வுப் படிவத்தை எடுத்துக் கடைசிக் கேள்விக்கு நேரே பேனாவைக் கொண்டுபோய், சற்று நேரம் வைத்திருந்து, ஒன்றும் எழுதாமல் மூடி வைத்தார். கொத்துகிற நிரலையும் திறக்கவில்லை. கடற்கரைப் பக்கத்துக்குள் போய், தம் கையாலேயே, நிறுத்தி நிறுத்தி யோசித்து, பிஷ்கெக்கின் தெற்குக் கரையில் ஒரு கலங்கரை விளக்கத்தைக் கட்டினார். உயரம் நாற்பத்திரண்டு மீட்டர் என்று எழுதினார். அது போதாதென்று அடியில் ஒரு மீன் சந்தையும் வைத்தார்.

பிறகு சட்டையை எடுத்துப் போட்டுக் கழுத்துப் பொத்தானைப் பூட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார். புருல்சா அக்கா ஊசியில் பாதி நுழைந்த நூலை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார்.