கை நீட்டிய பிள்ளை

காமயகவுண்டன்பட்டியில் மாதாவை முதலில் பார்த்தது எங்கள் சங்கிலி அத்தைதான். ஒரு ஜெபமும் தெரியாத திராட்சைத் தோட்டக் காவல்காரி.

விடியக்காலையில் பந்தலுக்கடியில் நீலச் சேலைக்காரி ஒருத்தி கைப்பிள்ளையோடு நின்றாளாம். கண்மூடித் திறப்பதற்குள் ஆளைக் காணோம், ஈர மண்ணில் கால்தடமும் இல்லை. கூடப் பழம் வெட்டும் சகாயமேரி இதைக் கேட்டதும், "அடியே, அது மாதாடி!" என்று அங்கேயே மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள். இப்போது அந்த இடத்தில் பிள்ளையை ஏந்திய மாதா சிலை. ஆண்டிபட்டியிலிருந்தெல்லாம் வேன் வருகிறது.

வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மாதா என்ன சொன்னாக?"

"ஒண்ணும் பேசல தாயீ" என்று அத்தை தலையைக் குனிந்துகொள்ளும்.

நான் சும்மா இருப்பேனா? "சரி அத்தே, நீ என்ன சொன்ன?" என்று ஒருநாள் சீண்டினேன். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"களவாணிச் சிறுக்கின்னு வெரட்டுனேன்டா. அந்தப் பச்சப்புள்ள கொத்தப் பாத்துக் கை நீட்டுச்சு. ஒரு பழம் குடுக்கல."

அதனால்தான் ஒவ்வொரு வெட்டிலும் முதல் கொத்து சிலைக்குப் போகிறது. பிள்ளையின் கை அத்தைக்கு எட்டாது. காலடியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடியே நிற்கும்.

"மருந்தடிச்ச பழம், நல்லாக் கழுவுனியா? பிள்ளைக்கு வயித்தால போயிரும்" என்றபடி இந்த முறை நானே கொத்தை வாங்கிக்கொண்டு பீடத்தில் ஏறினேன். பிள்ளை கையில் மாட்டுவதற்குள், வருகிறவர்களுக்கு ஜெபம் சொல்லிவைக்கும் உபதேசியார் ஓடி வந்தார்.

"ஏலே, எறங்குடா களவாணிப் பயலே!"

எனக்கு அது பழகின பேர்தான். அத்தைதான் குறுக்கே வந்து அவரைக் கும்பிட்டது.

"யாரு எவருன்னு தெரியாம வையாதீகய்யா. பெறகு தூக்கமே வராது."