இழுத்துப் பாடிய தாலாட்டு

ராசிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பாலசுந்தரத்தை வைத்து இரண்டு கட்சி உண்டு. பகலில் பட்டுத்தறி நெய்வார். திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துப் பாடுவார். பழைய சினிமாப் பாட்டுகளை அவர் அப்படியே பாடுவதில்லை. வேகத்தைப் பாதியாக்கி, லாரி பாடி கட்டும் பட்டறையில் வெட்டி வாங்கிய இரும்புக் குழாய்த் துண்டை விரலில் மாட்டிக்கொண்டு கம்பிகளின் மேல் தேய்ப்பார். கிட்டார் மூக்கைச் சிந்தி அழுகிற மாதிரி கேட்கும். மேட்டூர்க் கம்பெனி அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்ற பழைய கிட்டார் அது. அதோடு சும்மா கொடுத்த வெள்ளைக்காரப் பாட்டுக் கேசட்டைக் கேட்டுக் கேட்டுப் பிடித்த பழக்கம் இது.

"ஏனுங்க, தாலாட்டுப் பாட்ட இப்புடியா இழுக்கறது? ரெக்கார்டுல எப்புடி இருக்குதோ அப்புடித்தான் பாடோணும்" என்பார் மைக் செட் கடை தங்கசாமி. அந்தப் பாட்டின் இசைத்தட்டு அவரிடமே இருந்தது.

"ரெக்கார்டு மாதிரியே கேக்கறதுக்கு உங்க ரெக்கார்டே போதுமே. அந்த மனுசன் எதுக்குத் தொண்டத்தண்ணி வத்தோணும்?" என்பார் லாரி டிரைவர் சின்னராஜ்.

"உனக்கு ஹாரன் சத்தமே பாட்டு. நீ பேச வந்துட்டே!"

"உங்க தட்டுல கீறல் உழுந்து ஒரே வரியத் திருப்பித் திருப்பிப் பாடுதுங்களே, அதையும் அப்புடியே பாடச் சொல்லுவீங்களா?"

கடையே சிரிக்கும். பாலசுந்தரமும் சிரித்துக்கொண்டு டீயைக் குடிப்பார். எண்பத்திரண்டாம் ஆண்டுப் பங்குனிக்குப் பிறகு அவர் சிரிப்பு நின்றுபோனது.

அந்தப் பங்குனியில், நாமக்கல் போகும் வழியில் உள்ள ஓர் ஊரின் மாரியம்மன் திருவிழாவில் பாடினார். தாலாட்டைத் தன் வழக்கப்படி இழுத்தார். கூட்டம் சொக்கிப்போய்க் கேட்டது. அடுத்த வாரமே அந்த ஊர்ப் பெரிய பண்ணையக்காரர் அப்புசாமியின் பேரன் இறந்துபோனான். தட்டம்மை. அம்மை நெஞ்சுக்கு இறங்கிச் சளி கட்டினால் மூன்று வயதுக் குழந்தை தாங்காது. வேப்பிலை வைத்த கையோடு ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போயிருக்க வேண்டும். ஊர் வேறு காரணம் கண்டுபிடித்தது. காப்புக் கட்டிய ஊரில் தாலாட்டை ஒப்பாரியாக்கிப் பாடிவிட்டான், ஆத்தா கோபித்துக்கொண்டாள்.

மறுவருடமும் அதே குழுதான் வேண்டும் என்று அந்த ஊர் இளவட்டங்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். மைக் செட் பேசப் போன தங்கசாமி சேதியோடு திரும்பினார்.

"பெரியவரு அப்புசாமி சொல்லியுட்டாரு, பாலு. ரெக்கார்டு மாதிரி பாடுனாச் சோறு போட்டு அனுப்புவாராம். இழுத்தீன்னா உன்ற கை ஊட்டுக்கு வந்து சேராதாம்."

தறியில் நாடாவைப் பாயவிடும் கயிற்றை இழுப்பது வலது கை. கம்பியில் குழாயை ஓட்டுவது இடது கை. எந்தக் கை போனாலும் பாலசுந்தரத்துக்குப் பாதிப் பிழைப்பு போகும். போகாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் பிள்ளையை முழுங்கியவன் ஒளிந்துகொண்டான் என்றல்லவா பேசுவார்கள்? தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்துகொண்டே இருந்தது.

விழா அன்று பொழுது சாய்ந்ததும் கிட்டாருக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண்குரல் கூப்பிட்டது.

"ஏனுங்கண்ணா."

எலும்பும் தோலுமாக ஓர் இளம்பெண்.

"நான் ஆத்தாயிங்க. பெரியவரு மருமவ. போன வருசம் செத்துப்போனது என்ற பையனுங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மிணி, நான் ஒரு பாவமும்…"

"போன வருசம் பாடுன மாதிரியே அந்தத் தாலாட்டப் பாடுங்கண்ணா."

"உங்க மாமனாரு…"

"அம்மையில போன பிள்ளைக்கு ஒப்பாரி வெக்கக்கூடாதுன்னு என்ற வாயப் பொத்திட்டாங்க. ஆத்தா எடுத்துக்கிட்டா, அழுதா ஆவாதாம். இன்னைக்கு வரைக்கும் ஒரு சத்தம் அழுவலீங்க நானு. இங்கியே நிக்குது." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "நீங்க இழுத்தது அழுவறாப்புலயே இருந்துச்சு. அவன் என்ற மடியில உக்காந்துதான் அதக் கேட்டான்."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

முன்வரிசையில் அப்புசாமி உட்கார்ந்திருந்தார். காலடியில் மூங்கில் தடி. பாலசுந்தரம் பாட்டுக்குப் பாட்டு இசைத்தட்டை உரித்து வைத்த மாதிரி பாடினார். தங்கசாமி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். "ரெக்கார்டு ஓடுதுடோய்!" என்று மைக் செட் ஏற்றி வந்த லாரியின் கூரையிலிருந்து சின்னராஜ் கத்தினார்.

தாலாட்டையும் அப்படித்தான் தொடங்கினார். தைரியம் வந்து மாற்றினார் என்று சொன்னால் பொய். பெண்கள் பக்கம் ஆத்தாயி தொண்டையில் கை வைத்தபடி நிற்பது தெரிந்தது. இந்தப் பக்கம் தடி. விரல் நடுங்கிச் சுரம் தானாகவே சாய்ந்தது. குழாயை மாட்டாமலே பாதி இழுப்பு வந்துவிட்டது. இனி எதை மறைப்பது என்று குழாயை மாட்டிக்கொண்டார்.

அந்த அடி முடிவதற்குள் ஆத்தாயியிடமிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. "என்ற சாமீ…" சுற்றியிருந்த பெண்கள் ஓடி அவளைப் பிடித்தார்கள். தபேலா நின்றது. அப்புசாமி தடியை எடுத்துக்கொண்டு எழுந்து மேடையை நோக்கி நடந்தார்.

பாலசுந்தரம் கிட்டாரைத் தோளில் தொங்கவிட்டு இரண்டு கைகளையும் அக்குளுக்குள் புதைத்துக்கொண்டார். ஏனோ வாய் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

அப்புசாமி மேடை விளிம்பில் நின்றார். மருமகள் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். தடியை ஊன்றிக்கொண்டார்.

"கைய எடுத்து வாசிப்பா. அவ இன்னும் அழுது முடியல."

வாசித்தார். பிறகு சோறும் போட்டார்கள். இரண்டு கையும் வீடு வந்து சேர்ந்தன.

டீக்கடையில் புதுச் சண்டை பிறந்தது. அன்றைக்குத் தாலாட்டில் வந்த நடுக்கம் சுதிப் பிசகு என்றார் தங்கசாமி. அதுதான் வித்தை, எந்த ரெக்கார்டிலும் கிடைக்காது என்றார் சின்னராஜ்.

"நீயே சொல்லு பாலு, வேணும்னுதானே ஆட்டுனே?" என்று கேட்டார் சின்னராஜ்.

பாலசுந்தரம் டம்ளரை ஆடாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டீயைக் குடித்தார்.