தலையணையளவு அமைதி

எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில், வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்று இறந்துபோயிற்று. அதனால் இரண்டாவது உண்டானபோது நெய்யாற்றின்கரை டாக்டர் என்னைப் படுத்தே இருக்கச் சொன்னார். தினமும் அசைவை எண்ணவும் சொன்னார்.

பாறசாலையில் எங்கள் வீட்டுக்கு எதிரே மரம் அறுக்கும் தடிமில். காலையில் மோட்டார் போட்டால் சாயங்காலம்வரை ஒரே சுருதியில் இரையும். ஜன்னலைச் சாத்தினால் எனக்கு மூச்சு முட்டும். திறந்தால் இரைச்சல் மண்டைக்குள் புகுந்துவிடும். வயிற்றில் கை வைத்துப் படுத்திருப்பேன். அசைந்தது பிள்ளையா, என் படபடப்பா என்று தெரியாமல் அழுவேன்.

கணவருக்கு மைக் செட் வாடகைக்கு விடும் தொழில். ஒருநாள் மில் மதிலோரம் மைக்கைக் கட்டி, வயரை இழுத்து, ஜன்னல்படியில் பெரிய ஸ்பீக்கரை வைத்தார்.

"உள்ள சத்தம் போதாதா?" என்றேன்.

"வயர தலைகீழா மாத்திக் கொடுத்திருக்கேன். அந்தச் சத்தம் ஏறும்போ இது இறங்கும். ரெண்டும் மோதினா கொறையும். மோட்டாருக்கு மட்டும் ஆக்கும், வாள் கீச்சுக்கு நடக்காது."

முதல்முறை ஸ்பீக்கர் ஊளையிட்டது. நான் அலறிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் வெளிறிப்போய், இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மைக்கை இன்னும் தள்ளிக் கட்டி, ஸ்பீக்கரை விரல்கடை விரல்கடையாக நகர்த்தினார்.

"இப்போ?"

"இல்ல."

"இப்போ?"

சட்டென்று காதடைத்ததுபோல் இருந்தது. "எனக்குக் காது போச்சா? பேடியாட்டு இருக்கு!" என்று பயந்து கத்தினேன்.

"இல்ல மக்கா, கொறஞ்சிருக்கு. தலைய அனக்காத, அப்பிடியே கிட."

அவர் நின்ற ஜன்னலருகே இரைச்சல் கூடத்தான் செய்ததாம். என் தலையணையில் மட்டும் அது எங்கோ தூரத்துக்குப் போயிருந்தது. தலையை ஒரு சாண் திருப்பினால் திரும்ப வந்துவிடும்.

வயிற்றில் கை வைத்தேன். ஒன்றுமில்லை. சாக்குச் சொல்ல இப்போது இரைச்சலும் இல்லை. அதுவரை இல்லாத பயம் அப்போதுதான் பிடித்தது. அவர் கேட்கவும் துணியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கழுத்து மரத்துப்போனது.

பிறகு விலாவுக்குக் கீழே ஒரு உதை. உடனே இன்னொன்று.

"உண்டு," என்றேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தினமும் அப்படியே அசையாமல் கிடந்து எண்ணினேன். ஒருநாள் ஒரு உதை குறைந்தாலும் முதலிலிருந்து எண்ணுவேன். ஒன்பதாம் மாதம் மகள் பிறந்தாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.